பரோட்டாவை விடுங்க, பெருங்காயத்தைக் கவனிங்க! கோதுமை ஆகாத குழந்தையோடு போடி மலைக்கு ஒரு டூர்

'லீவுக்கு எங்கே போகலாம்?' என்ற பேச்சு பல வீடுகளில் மேப்பில் தொடங்கும். சில வீடுகளில் அது அடுப்படியில் தொடங்குகிறது. வீட்டில் சீலியாக் பாதிப்புள்ள குழந்தை இருந்தால், 'அங்கே பார்க்க என்ன இருக்கு?' என்பதற்கு முன்பே 'அங்கே பிள்ளை சாப்பிட என்ன இருக்கு?' என்ற கேள்வி வந்து நிற்கும். அதற்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று டூரே தள்ளிப்போய்விடும்.

தள்ளிப்போட வேண்டியதில்லை. கொஞ்சம் முன்கூட்டியே திட்டமிட்டால் சின்னக் குழந்தைகளோடும் நிம்மதியாகப் போய் வரலாம். அப்படிப் போவதற்கு வசதியான ஊர்களில் ஒன்று, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர். அடிவாரத்தில் கடைகளும் மருத்துவமனையும் உள்ள ஊர். மேலே ஏறினால் ஏலக்காய்த் தோட்டங்கள், தேயிலைச் சரிவுகள், குளிர்ந்த காற்று. பழைய மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியோடு நின்றுபோன இந்த ஊருக்கு, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. சென்னை சென்ட்ரலில் இருந்து வாரத்தில் 3 நாள்கள் நேரடி ரயில் உண்டு. இரவில் ஏறினால் மறுநாள் காலையில் மலையடிவாரத்தில் இறங்கலாம்.

முதலில், யாருக்கு இந்தக் கட்டுப்பாடு?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒரு புரதம்தான் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கும். சாப்பிடும் சத்து உடம்பில் சேராது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், ரத்தசோகை வரலாம், வளர்ச்சி குறைந்துபோகலாம். இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டனை ஒதுக்குவதுதான் சிகிச்சை.

கோதுமை அலர்ஜி இதிலிருந்து வேறுபட்டது. அதில் சில நிமிடங்களிலேயே தடிப்பு, மூச்சுத் திணறல் வரக்கூடும். அந்தக் குழந்தைகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அவசர மருந்து எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். சந்தேகத்தின் பேரில் நாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போனால், ரத்தப் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். அதனால் முதலில் பரிசோதனை, அதன்பின் கட்டுப்பாடு என்பதே சரியான வரிசை.

எவ்வளவு குளூட்டன் பட்டால் ஆபத்து? ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில் தொடர்ந்து உள்ளே போனாலே பலருக்குக் குடல் பாதிக்கப்படும் என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது. ஒரே ஒரு பிரெட் துண்டில் இதைப்போலப் பல பத்து மடங்கு குளூட்டன் இருக்கிறது. 'கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது?' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

நம்ம ஊர் அரிசி ஊர்தானே?

இந்த நம்பிக்கையில்தான் பலரும் சறுக்குவார்கள். இட்லி, இடியாப்பம், சோறு என்று அரிசியிலேயே மூன்று வேளையும் முடிந்துவிடும் ஊர் நம்முடையது. பரோட்டா, சப்பாத்தி, கேசரி, சேமியா ஆகியவை கண்ணுக்குத் தெரியும் கோதுமை. அவற்றை ஒதுக்குவது சுலபம். சிக்கல், கண்ணுக்குத் தெரியாத கோதுமையில் இருக்கிறது.

பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் சுத்தமான பிசின் மட்டும் கிடையாது. அதோடு கோந்தும் மாவும் சேர்ப்பார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. அப்படியானால் சாம்பார், ரசம், மோர், வடை, ஊறுகாய், இட்லிப் பொடி, முறுக்கு என எல்லாமே கேள்விக்குறிதான். பெருங்காயம் கட்டியாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

தோசைக்கல்: தோசை மாவில் அரிசியும் உளுந்தும்தான் இருக்கலாம். ஆனால், அதே கல்லில் சற்று முன்பு பரோட்டா போட்டிருப்பார்கள். முறுகலாக வரவேண்டும் என்று சில கடைகளில் மாவில் ரவையோ மைதாவோ கலப்பதும் உண்டு.

எண்ணெய்ச் சட்டி: உளுந்து வடையில் கோதுமை இல்லைதான். அதே எண்ணெயில் மைதா போண்டா பொரித்திருந்தால்?

மாவு மில்: கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்ததாக நம் அரிசியைக் கொட்டினால், உள்ளே ஒட்டியிருக்கும் கோதுமை மாவும் சேர்ந்தே வரும். டூருக்குக் கொண்டுபோகும் மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துவிடுவது நல்லது.

சத்து மாவு, மால்ட் பானங்கள்: குழந்தைகளுக்கான சத்து மாவில் பெரும்பாலும் கோதுமை சேர்ப்பார்கள். 'மால்ட்' என்று இருந்தால் அது பொதுவாக பார்லியில் இருந்து வருவது.

அல்வா, சாஸ், சிக்கன் 65: கோதுமைப் பாலில் கிண்டுவது திருநெல்வேலி அல்வா. மலைப்பாதைக் கடைகளில் கலர் கலராக அடுக்கியிருக்கும் கேரள அல்வாக்களிலும் மைதா வகை உண்டு. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாராகிறது. சிக்கன் மொறுமொறுவென்று வர மைதா பூசுவதும் சாதாரணம்.

ஹோட்டல்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, வட இந்தியாவில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு சீலியாக் இருக்கிறது. தென்னிந்தியாவிலோ சுமார் 1,000 பேரில் ஒருவருக்குத்தான். இங்கே குறைவாக இருப்பதால் இதைக் கேட்டு வருபவர்களும் குறைவு. 'குளூட்டன்' என்ற சொல்லே பலருக்குப் புதிது. அதனால் புரியவைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

எங்கே தங்குவது?

மற்ற குடும்பங்கள் அறையில் இருந்து பார்த்தால் மலை தெரியுமா என்று கேட்கும். நீங்கள் சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். போடியிலும் சரி, மேலே பூப்பாறை, சூரியநெல்லி, மூணாறு பக்கங்களிலும் சரி, சமைத்துக்கொள்ள வசதியுள்ள ஹோம்ஸ்டேயைத் தேடுவது பாதி வேலையை முடித்துவிடும். புக் செய்யும் முன் போனிலேயே இந்த நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்:

1. நாங்களே சமைத்துக்கொள்ளலாமா? கேஸ் அடுப்பு உண்டா?
2. குழந்தை உணவு வைக்க ஃபிரிட்ஜில் இடம் கிடைக்குமா?
3. நீங்கள் சமைத்துத் தருவதாக இருந்தால், எங்கள் பாத்திரத்தில், எங்கள் பெருங்காயத்தைப் போட்டுச் சமைத்துத் தர முடியுமா?
4. பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்?

கையோடு ஒரு 'சமையல் பை' தனியாக இருக்கட்டும். சின்ன குக்கர், ஒரு தோசைக்கல், கரண்டி, வடிகட்டி, பாத்திரம் தேய்க்கப் புது நார் ஆகிய ஐந்தும் போதும். தங்கும் இடத்துத் தோசைக்கல்லையும் மரக்கரண்டியையும் எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது.

மலையில் சமைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரமாகும், குக்கர்தான் கைகொடுக்கும். அடுத்தது, குளிரில் இட்லி மாவு சீக்கிரம் புளிக்காது. அடிவாரத்து வெயிலில் புளிக்கவிட்டு மேலே எடுத்துப்போங்கள். டப்பாவில் பாதி அளவுதான் மாவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் பொங்கி வழிந்து பை முழுக்க மாவாகிவிடும்.

பையில் என்ன எடுத்துப்போவது?

- அவல், வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்
- வீட்டில் அரைத்த இடியாப்ப மாவு, கேழ்வரகு மாவு
- பெருங்காயம் சேர்க்காத புளிக்காய்ச்சல், பூண்டுப் பொடி, இட்லிப் பொடி
- லேபிளைப் பார்த்து வாங்கிய, கோதுமை கலக்காத பெருங்காயம்
- 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பிஸ்கட் 2 பாக்கெட்
- ஓ.ஆர்.எஸ் பாக்கெட், வழக்கமான மருந்துகள், டாக்டர் சீட்டு

இந்தியாவில் ஓர் உணவுப் பொருளை 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க வேண்டுமானால், அதில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதி. சாதாரண பாக்கெட்டுகளிலும் பொருள் பட்டியலுக்குக் கீழே கோதுமை இருப்பதாகத் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த வரியைப் படிக்காமல் எதையும் கூடையில் போட வேண்டாம். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை கிடையாது. ஆனால், தயாரிக்கும் இடத்தில் கலந்துவிடுவது சகஜம் என்பதால் சாதாரண ஓட்ஸைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பழங்களைச் சுமக்க வேண்டாம். போடியைச் சுற்றி மாந்தோப்புகள் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் வாழைப்பழமும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் பக்கத்திலேயே விளைபவை. நன்றாகக் கழுவிக் கொடுத்தால் போதும்.

'சாப்பாடு கட்டிக்கிட்டா டூர் போறது?' என்று யாராவது கேட்டால் போடி ஊரையே காட்டலாம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் இங்கிருந்து ஜீப் ஜீப்பாக மலையேறும் தொழிலாளர்கள், மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். மலைக்குப் போகிறவர் கையில் சோறு இருப்பது இந்த ஊரில் பழகிப்போன காட்சி.

மூன்று நாள் திட்டம்

ரயில் இரவு: வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலைக்கு நல்லெண்ணெயும் வீட்டுப் பொடியும் தடவிய இட்லி. இது இரவு தாண்டியும் கெடாது. பக்கத்து சீட்டுப் பாட்டி அன்போடு நீட்டும் பிஸ்கட்தான் ரயிலில் பெரிய சோதனை. ஏறியதுமே சிரித்த முகத்தோடு, "பிள்ளைக்கு கோதுமை சேராதுங்க, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தையிடம் ஒரு சின்ன டப்பாவில் கடலை மிட்டாய் இருக்கட்டும். வாங்க முடியாத பிள்ளை, கொடுக்கிற பிள்ளையாகிவிடும்.

முதல் நாள், போடி: இறங்கியதுமே மலையேற வேண்டாம். ஓய்வெடுத்துவிட்டு மாலையில் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் போய் வரலாம். தண்ணீர் வரத்து அதிகமாக உள்ள நாள்களில் குழந்தைகளை ஆற்றில் இறக்கக் கூடாது. கடைத்தெருவில் ஏலக்காயும் மிளகும் முழுதாக வாங்குங்கள். முழு மசாலாவில் வேறு மாவு கலக்க வழியில்லை. பொடியில் அந்த நிச்சயம் கிடையாது. ஓர் ஏலக்காயை உரித்து உள்ளே எத்தனை அறைகள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று இருக்கும். அன்றிரவு மாவை அரைத்துப் புளிக்க வைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள், மலை: முந்தலில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வளைவில் குழந்தை வாந்தி எடுத்தால் உடனே குளூட்டன் என்று பதற வேண்டாம். பயண வாந்தி, வண்டி நின்று காற்று வாங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வண்டியை விட்டு இறங்கி சில மணி நேரம் ஆன பிறகும் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி தொடர்ந்தால்தான் சாப்பிட்டதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

போடிமெட்டு தாண்டினால் கேரளம். வாடகை காரில் போனால் கேரள பர்மிட் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பூப்பாறை வழியே போனால் ஏலக்காய்த் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் ஆனையிறங்கல் அணையும் வரும். ஏலக்காய் மரத்தில் தொங்கும் என்று நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் செடியில், காய் மட்டும் தரையோடு ஒட்டிய சரத்தில் காய்த்திருக்கும். அனுமதி கேட்டுத்தான் தோட்டத்துக்குள் போக வேண்டும். மருந்து அடிக்கும் தோட்டங்கள் என்பதால் பச்சைக் காயைப் பறித்து வாயில் வைக்க விடாதீர்கள்.

கொழுக்குமலைக்கு சூரியநெல்லியில் இருந்து போகும் ஜீப் பாதை குண்டும் குழியுமானது. கைக்குழந்தையோடு அது வேண்டாம். குரங்கணிப் பக்கம் மலையேற்றம் போக வனத்துறை அனுமதி அவசியம். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு சாலையோரக் காட்சிகளே போதும்.

மூன்றாம் நாள், இறக்கம்: திரும்பும்போது ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பதுண்டு. அப்படி நின்றால், அருகில் கிடைப்பது டீக்கடை பன்னும் பிஸ்கட்டும்தான்.

ஹோட்டலில் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

மதியக் கூட்டம் தொடங்கும் முன், 11.30 மணி வாக்கில் போங்கள். சர்வரிடம் சொன்னால் பாதிதான் உள்ளே போய்ச் சேரும். முடிந்தால் மாஸ்டரிடமே பேசுங்கள். 'குளூட்டன் ஃப்ரீ', 'டயட்' என்ற சொற்கள் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, பிள்ளைக்கு கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. துளி பட்டாலும் உடம்புக்கு முடியாமப் போயிடும். பெருங்காயமும் கூடாது. வெள்ளைச் சோறு, தயிர், அவிச்ச முட்டை மட்டும் போதும். கரண்டி மட்டும் வேற எடுத்துக்கங்க."

கேரளப் பக்கம் கோதுமைக்கு 'கோதம்பு' என்று பெயர், பெருங்காயத்துக்கு 'காயம்'. இந்த இரண்டு சொற்களோடு மைதாவையும் ரவையையும் சேர்த்து ஒரு சீட்டில் மலையாளத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், நீட்டினாலே போதும்.

ஓரளவு நம்பிக் கேட்கக்கூடியவை: ஆவியில் வெந்த இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி, வெள்ளைச் சோறு, தாளிக்காத தயிர், அவித்த முட்டை, இளநீர். கேரளத்தில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, அவித்த நேந்திரம்பழம். அரிசிப் புட்டு நல்லதுதான்; அதே குழாயில் கோதுமைப் புட்டும் அவிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் என்றால் கோன் வேண்டாம். சீல் வைத்த கப்பை லேபிள் பார்த்து வாங்குங்கள். சிப்ஸ் என்றால் வாழைக்காய், மரவள்ளி மட்டுமே போடும் கடையாகப் பாருங்கள். உதிரியாக விற்கும் ஹோம்மேட் சாக்லேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது; தவிர்த்துவிடலாம்.

சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிட்டைசர் கிருமியைக் கொல்லுமே தவிர, கையில் ஒட்டிய மாவை நீக்காது.

தெரியாமல் உள்ளே போய்விட்டால்?

சீலியாக் குழந்தை ஒருமுறை தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், அதை முறிக்க மருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஓ.ஆர்.எஸ் கரைசல் கொடுங்கள், மென்மையான கஞ்சி கொடுங்கள், ஓய்வெடுக்க விடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். போடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு, ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அலர்ஜி உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணறினால் காத்திருக்கவே கூடாது. அவசர மருந்தைக் கொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சாப்பாடு

திட்டமிடலில் நாம் மறந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. அண்ணன் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சாப்பிடும்போது, பக்கத்தில் தம்பி தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால் அவனுக்கு அந்த டூர் எப்படி இனிக்கும்? அதோடு, அண்ணன் கையில் இருந்து உதிரும் துணுக்குகள் கார் சீட்டிலும் தம்பி விரலிலும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று நாள்தானே? அந்த மூன்று நாளும் குடும்பம் மொத்தமும் கோதுமை இல்லாமலே சாப்பிடலாம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், புளிச்சோறும் அவித்த முட்டையும், கேழ்வரகு அடையும் யாருக்கும் தண்டனை இல்லை. சமைப்பவருக்கும் ஒரே சமையல், பயமும் குறையும். அந்த வேலை முழுக்க அம்மா தலையில் விழாமல் அப்பாவும் கரண்டி பிடித்தால், அம்மாவுக்கும் அது லீவுதான்.

விவரம் தெரிந்த குழந்தையாக இருந்தால், கிளம்பும் முன்பே ஒரு வரியைச் சொல்லிப் பழக்குங்கள்: "எனக்கு கோதுமை ஆகாது. அம்மா, அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்." 4 வயதுக் குழந்தைகூட இதைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். நாளைக்கு ஸ்கூல் டூரிலும், நண்பனின் பிறந்தநாளிலும், கல்யாண வீட்டிலும் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அந்த ஒரு வரிதான் பிள்ளையைக் காப்பாற்றும்.